அண்டை வீடு என்னும் அமானிதம்

"அந்தக் காலத்தில் அக்கம்பக்கம் என்று ஒன்று இருந்தது, இப்பொழுது மதில் சுவர்கள்தாம் இருக்கின்றன" என்று நம் முதியோர் கூறக் கேட்கிறோம். திருமணத்திற்கும் மையித்திற்கும் தெருவே திரண்டு வந்த நாட்களை அவர்கள் நினைவு கூர்கிறார்கள். இக்கூற்றில் உண்மை எவ்வளவு, ஏக்கம் எவ்வளவு என்பதை வரலாற்றைக் கொண்டு அளந்து பார்ப்பது நலம். சேலம் மாநகரின் வடபால், ஏற்காடு மலைக்குச் செல்லும் சாலையின் தொடக்கத்தில் அமைந்துள்ள அஸ்தம்பட்டியையும், அதனை ஈன்ற சேலத்தையும் எடுத்துக்கொண்டு இதனை ஆராய்வோம்.

சொற்கள் சொல்லும் செய்தி

நாம் நாள்தோறும் வழங்கும் 'மஹல்லா' என்னும் சொல், 'ஹல்ல' என்னும் அரபு வினையடியாகப் பிறந்தது. பயணி ஒருவன் ஓரிடத்தில் இறங்கி, மூட்டையை அவிழ்த்துத் தங்குவதை அவ்வினை குறிக்கும். ஆகவே மஹல்லா என்பது வந்திறங்கியவர்கள் தங்கிய இடம். அண்டை வீட்டாரைக் குறிக்கும் 'ஜார்' என்னும் சொல்லோ, அடைக்கலம் தருபவரையும் குறிக்கும், அடைக்கலம் பெற்றவரையும் குறிக்கும். பக்கத்தில் இருப்பவன் பாதுகாவலில் இருப்பவன் என்பது அரபு மொழியிலேயே ஊறிக் கிடக்கும் கருத்தாகும்.

தமிழில் 'சேரி' என்னும் சொல்லைப் பாருங்கள். பலர் சேர்ந்து வாழும் இடம் என்பதே அதன் பொருள். சோழர் காலக் கல்வெட்டுகளில் அந்தணர் குடியிருப்புகளின் பகுதிகளும் சேரி என்றே பெயர் பெற்றிருந்தன. பிற்காலத்தில் அச்சொல், ஊருக்கு வெளியே ஒதுக்கி வைக்கப்பட்ட மக்களின் குடியிருப்புக்கு மட்டும் உரியதாய்ச் சுருங்கிற்று. சேர்த்து வைத்த சொல்லே பிரித்து வைக்கும் சொல்லாக மாறிய இந்தக் கதை, பழைய அக்கம்பக்கத்தின் இரு முகங்களையும் நமக்குக் காட்டுகிறது.

பேட்டைகளின் நகரம்

சேலம் ஒரே ஊராகப் பிறந்து வளர்ந்ததன்று. பல ஊர்கள் கைகோத்து ஆகிய நகரம் அது. திருமணிமுத்தாற்றின் கரையில் கோட்டையும் அதனைச் சார்ந்த குடியிருப்பும் இருந்தன. செவ்வாய்க் கிழமைச் சந்தையால் பெயர் பெற்ற செவ்வாய்ப்பேட்டையில் வணிகர் குடியேறினர். அம்மாப்பேட்டையிலும் குகையிலும் தறியோசை கேட்டது. 1792ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தானிடமிருந்து சேலமும் பாராமகாலும் கும்பெனியார் கைக்கு மாறியபோது, தமிழ் பேசும் ராவுத்தர்களும் உருது பேசும் தக்கனி முஸ்லிம்களும் இந்நிலத்தில் வேரூன்றிவிட்டிருந்தனர். திப்பு சுல்தான் தொழுத பள்ளி என்று ஆற்றங்கரை ஜாமிஆ மஸ்ஜிதைச் சேலத்து மக்கள் இன்றும் பெருமையுடன் சுட்டுவர்.

இப்பேட்டைகளில் உறவு உண்டாகக் காரணம் என்ன? ஒருவர் இன்றி மற்றவர்க்குப் பிழைப்பில்லை என்பதே. நூல் விற்பவனும் பாவு ஓட்டுபவனும் சாயம் தோய்ப்பவனும் துணியைச் சந்தைக்குக் கொண்டு செல்பவனும் ஒரே சங்கிலியின் கண்ணிகள். கடன் கொடுக்கல் வாங்கலும், கிணற்றடிப் பேச்சும், சந்தை நாளும் அவர்களை நாள் தவறாமல் சந்திக்க வைத்தன. நல்லெண்ணம் அந்தச் சந்திப்புகளில் முளைத்தது.

1882: ஒரு தெருவின் காயம்

ஆயினும் அந்தக் காலம் முழுவதும் பொற்காலம் என்று எண்ணிவிடலாகாது. 1882ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் சேலம் நகரம் இந்து முஸ்லிம் கலவரத்தால் நிலைகுலைந்தது. செவ்வாய்ப்பேட்டையில் ஒரு பள்ளிவாசலும், அதன் வழியே மேளதாளத்துடன் ஊர்வலம் செல்லும் உரிமையும் தகராறுக்குக் காரணமாயின. கலவரத்தில் பள்ளிவாசல் இடிக்கப்பட்டது. ஒரே சந்தையில் கொண்டும் கொடுத்தும் வாழ்ந்தவர்களே எதிரெதிராக நின்றனர்.

அக்கலவரத்தைத் தூண்டினார் என்று குற்றம் சாட்டப்பட்டவர்களுள் ஒருவர், நகரசபை உறுப்பினராக இருந்த இளம் வழக்கறிஞர் சேலம் சி. விஜயராகவாச்சாரியார். அவருக்குப் பத்தாண்டுத் தண்டனை விதிக்கப்பட்டது. அவர் சென்னை உயர்நீதிமன்றத்தில் வழக்காடிக் குற்றமற்றவர் என விடுதலை பெற்றார். நகரசபைப் பதவியிலிருந்து தம்மை நீக்கியது தவறென்று அரசாங்கத்தின் மீதே வழக்குத் தொடுத்து அதிலும் வென்றார். 1920ஆம் ஆண்டு, கிலாபத் இயக்கமும் காங்கிரசும் தோளோடு தோள் நின்ற வேளையில், நாகபுரிக் காங்கிரசு மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் இவரே.

பொதுச் சாலையில் இசையோடு ஊர்வலம் போகலாமா, வழிபாட்டுத் தலத்தின் முன் அதை நிறுத்த வேண்டுமா என்னும் கேள்வியை அக்காலத்து நீதிமன்றங்கள் பலமுறை ஆராய்ந்தன. சென்னை உயர்நீதிமன்றம் தொடங்கி இலண்டன் பிரிவி கவுன்சில் வரை அவ்வழக்குகள் சென்றன. பொதுச் சாலை எல்லார்க்கும் உரியது. ஊர்வலம் செல்வது உரிமையே. அமைதி காக்க அதிகாரிகள் அதனை ஒழுங்குபடுத்தலாம் என்பதே அத்தீர்ப்புகளின் சாரம்.

அத்தீர்ப்புகளில் பிழை காண்பதற்கில்லை. எனினும் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். நீதிமன்றம் ஒருவனுக்கு உரிமையை வழங்கும். அண்டை வீட்டுக்காரன் தொழும் வேளையிலோ, அவன் வீட்டில் நோயாளி கண்ணயர்ந்த வேளையிலோ, அவ்வுரிமையைச் சற்று நேரம் தானே விட்டுக்கொடுக்கும் மனத்தை எந்த நீதிமன்றத்தாலும் வழங்க முடியாது. 'என் உரிமை' என்பதற்கு அப்பால் ஒரு சொல்லும் இல்லாத தெருவில், வழக்கில் வென்றவனும் அமைதியாக வாழ இயலாது.

கூஃபா நகரத்துப் பாட்டுக்காரன்

இசையும் அண்டை வீடும் பற்றிப் பேசும்போது, மத்ரஸாக்களில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டு வரும் ஒரு நிகழ்ச்சி நினைவுக்கு வருகிறது. ஹிஜ்ரி 150இல் (கி.பி. 767) மறைந்த இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் கூஃபா நகர வீட்டிற்கு அருகே செருப்புத் தைக்கும் தொழிலாளி ஒருவர் குடியிருந்தார். பகலெல்லாம் உழைப்பார், இரவில் மது அருந்தி உரத்த குரலில் பாடுவார். இரவு முழுவதும் வணக்கத்தில் நிற்கும் இமாம் அவர்கள் அந்தக் கூச்சலை நாள்தோறும் பொறுத்துக்கொண்டார்கள்.

ஓரிரவு பாட்டுச் சத்தம் கேட்கவில்லை. விசாரித்தபோது, காவலர் அவரைப் பிடித்துச் சிறையில் அடைத்துவிட்டனர் என்று தெரிந்தது. இமாம் அவர்கள் தாமே ஆளுநரிடம் சென்று அவரை மீட்டு வந்தார்கள். ஊரார் தன்னைக் கைவிட்டார்கள் என்று அவர் இரவுதோறும் பாடியதை நினைவூட்டி, நாம் உம்மைக் கைவிட்டோமா என்று அன்புடன் வினவினார்கள். அம்மனிதர் வெட்கித் தம் பழக்கத்தை விட்டுவிட்டார் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதி வைத்துள்ளனர்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. சத்தம் கேட்டபோது இமாம் அவர்கள் புகார் செய்யவில்லை. சத்தம் நின்றபோது கவலை கொண்டார்கள். அடுத்த வீட்டில் வழக்கமாகக் கேட்கும் ஓசை ஓர் இரவு நின்றுபோனால் அதனைக் கவனிக்கும் செவி நமக்கு இருக்கிறதா? அக்கம்பக்கம் உயிரோடு இருக்கிறதா என்பதை அறிய இதைவிட நல்ல சோதனை இல்லை.

அஸ்தம்பட்டி: வந்திறங்கியோர் ஊர்

இனி அஸ்தம்பட்டிக்கு வருவோம். பேட்டைகளைப் போல ஒரு தொழிலோ ஒரு சந்தையோ இதனை வளர்க்கவில்லை. ஆங்கிலேய ஆட்சியின் தேவைகளே இதன் முகத்தை மாற்றின. 1862இல் நிறுவப்பட்ட மத்தியச் சிறைச்சாலை இங்குள்ளது. கட்டடக் கலைஞர் சிஸ்ஹோம் வரைந்த அமைப்பில் எழுந்து 1875இல் திறக்கப்பட்ட கிறிஸ்து நாதர் ஆலயம் இங்குள்ளது. ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களுக்குச் செல்வோர் இவ்வழியே சென்றனர். 1930-களில் டி. ஆர். சுந்தரம் அவர்களின் மாடர்ன் தியேட்டர்ஸ் ஏற்காடு சாலையில் எழுந்ததும், பல ஊர்க் கலைஞர்களும் தொழிலாளர்களும் இப்பக்கம் நடமாடத் தொடங்கினர்.

அரசு ஊழியர், ஆசிரியர், வழக்கறிஞர், வணிகர் எனப் பல திசைகளிலிருந்து மாற்றலாகியும் பிழைப்புத் தேடியும் வந்தவர்கள் இங்கே வீடு கட்டினர். 1866இல் நகராட்சியான சேலம் 1994இல் மாநகராட்சியாயிற்று. அஸ்தம்பட்டி இன்று அம்மாநகராட்சியின் நான்கு மண்டலங்களுள் ஒன்றின் பெயர். மூட்டையை இறக்கி வைத்தவர்களின் இடம் என்னும் மூலப் பொருளில், இதுவே உண்மையான 'மஹல்லா' அன்றோ!

இத்தகைய ஊரில் அக்கம்பக்க உறவு தானாக அமைந்துவிடாது. பாட்டன் காலத்துப் பழக்கம் இல்லை. ஒரே தொழில் இல்லை. கிணற்றடியும் போய்விட்டது. 1911இல் பனமரத்துப்பட்டி ஏரியிலிருந்தும், பின்னர் மேட்டூரிலிருந்தும் குழாய்வழித் தண்ணீர் சேலத்துக்கு வந்தது. வீட்டுக்கு வீடு குழாய் வந்தபின் பெண்களின் முதுகுச் சுமை குறைந்தது. இது பெரும் அருள். அத்துடன் தெருப் பெண்கள் நாள்தோறும் கூடும் இடமும் மறைந்தது.

இதையும் மறவாமல் சொல்ல வேண்டும். அந்தக் கிணறு எல்லாரையும் சேர்த்துக்கொள்ளவில்லை. தாழ்த்தப்பட்டோர் நெருங்க முடியாத கிணறுகள் எத்தனையோ! சக்கரவர்த்தி ராஜகோபாலாச்சாரியார் 1917 முதல் 1919 வரை சேலம் நகரசபைத் தலைவராக இருந்த காலத்தில்தான், தாழ்த்தப்பட்ட வகுப்பினர் ஒருவர் முதன்முதலாக அந்நகரசபையில் உறுப்பினரானார். அந்தக் காலத்து ஒற்றுமையை நாம் மீட்க விரும்பினால், அதன் வேலிகளை விட்டுவிட்டு மீட்க வேண்டும்.

இரத்தமா, பழக்கமா?

ஹிஜ்ரி எட்டாம் நூற்றாண்டில் 'முகத்திமா' என்னும் பெருநூலை யாத்த இப்னு கல்தூன், மக்களை ஒன்றுபடுத்தும் பற்றுக்கு 'அஸபிய்யா' என்று பெயரிட்டார். பாலைவனத்துக் குலங்களில் அது வலுவாக இருக்கும். நகர வாழ்வின் சொகுசில் தளரும் என்பது அன்னாரின் கருத்து. அடுக்குமாடிக் குடியிருப்பின் மூடிய கதவுகளைக் காணும் எவரும் இதை மறுக்கத் துணியார்.

ஆனால் அதே இப்னு கல்தூன் இன்னொன்றையும் கூறியுள்ளார். குலவழி என்பது பெரும்பாலும் மனத்தால் கற்பித்துக்கொள்ளும் ஒன்றே. அதன் பயன் நெருங்கிப் பழகுவதிலும் ஒருவருக்கொருவர் துணை நிற்பதிலும்தான் இருக்கிறது என்று தெளிவுபடுத்துகிறார். அப்படியானால், இரத்த உறவு இல்லாத இடத்திலும் பழக்கத்தாலும் துணையாலும் அப்பற்றை உண்டாக்கிக்கொள்ளலாம்.

நாயகம் (ஸல்) அவர்களின் இளமைக் காலத்தில் மக்கா நகரில் நிகழ்ந்த 'ஹில்ஃபுல் ஃபுளூல்' உடன்படிக்கை இதற்குச் சான்று. யமன் நாட்டிலிருந்து வந்த வணிகர் ஒருவருக்கு அநீதி இழைக்கப்பட்டபோது, ஊரவனாயினும் அயலானாயினும் அநீதிக்குள்ளானவனுக்குத் துணை நிற்போம் என்று மக்காவின் சில குலத்தார் உறுதி பூண்டனர். அதில் பங்கு கொண்ட நாயகம் அவர்கள், நுபுவ்வத்துக்குப் பின்னும் அதனைப் போற்றிப் பேசினார்கள். திருக்குர்ஆனின் நான்காம் அத்தியாயமும் உறவுள்ள அண்டையாரோடு அந்நியரான அண்டையாரையும் சேர்த்தே குறிப்பிட்டு, இருவருக்கும் நன்மை செய்யப் பணிக்கிறது.

இன்று என்ன இருக்கிறது?

அக்கம்பக்க உணர்வு மடிந்துவிட்டதா? 2015ஆம் ஆண்டு டிசம்பர் மாதச் சென்னை வெள்ளத்தின்போது பள்ளிவாசல்கள் எல்லாச் சமயத்தார்க்கும் கதவு திறந்தன. பெயர் அறியாதவர்கள் ஒருவரையொருவர் படகில் ஏற்றினர். 2020இல் ஊரடங்கு வந்தபோதும் அடுத்த வீட்டுக்கு அரிசி சென்றது. உணர்வு இருக்கிறது; ஆனால் அது பேரிடரில் விழித்துச் சாதாரண நாளில் உறங்குகிறது. சாதாரண நாளிலும் அதனை விழிக்கச் செய்வதே நம் முன் உள்ள பணி.

அதற்கு வழிகள் உள்ளன. பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (919, 921) அவ்வூரின் முப்பது பகுதிகளைக் 'குடும்பு' என்று குறிக்கின்றன. ஏரியைப் பராமரிக்கவும் தோட்டங்களைக் காக்கவும் அங்கே வாரியங்கள் இருந்தன. நிலமும் மனையும் உடையோர்க்கே அன்று அதில் இடம். நம் காலத்திலோ, 2022ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் தமிழ்நாட்டு நகரங்களில் பகுதி சபைக் கூட்டங்கள் தொடங்கப்பட்டன. வாக்குரிமையுள்ள ஒவ்வொருவரும் தம் தெருவின் விளக்கையும் சாக்கடையையும் பற்றி அங்கே பேசலாம். நம் குடும்பத்து ஆண்களும் பெண்களும் அக்கூட்டங்களுக்குச் செல்ல வேண்டும். தெருவுக்கான வேலையில் பக்கத்து வீட்டாரோடு தோள் சேரும்போது பிறக்கும் உறவு, விருந்து மேடைப் பேச்சில் பிறவாது.

நம் ஜமாஅத்துகளின் பொறுப்பும் பெரிது. திருமணப் பதிவேடும் கபரஸ்தானும் மட்டுமே ஜமாஅத்தின் எல்லை என்று இருந்துவிடலாகாது. மஹல்லாவில் புதிதாகக் குடிவந்த வீடு எது, தனித்து வாழும் முதியவர் யார், பள்ளிப் படிப்பை நிறுத்திய பிள்ளை எது என்பதை, எந்தச் சமயத்தவர் என்று பாராமல் அறிந்து வைத்திருப்பது ஜமாஅத்துக்கு அழகு.

குழம்பு சமைத்தால் தண்ணீரைச் சற்று மிகுதியாக ஊற்றி அண்டை வீட்டாரையும் கவனிக்குமாறு அபூதர் (ரலி) அவர்களுக்கு நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தினார்கள். கறியை மிகுதியாக்கச் சொல்லவில்லை. ஏழையின் அடுப்பிலும் மிகுதியாக்க முடிந்த தண்ணீரைச் சொன்னார்கள். நோன்பு மாதத்தில் நம் பள்ளிகளிலிருந்து கஞ்சித் தூக்குகள் அண்டை வீடுகளுக்குச் செல்கின்றன. அந்தக் கஞ்சிக்குச் சாதி சமயம் தெரியாது. அந்தத் தூக்கு மீதிப் பதினொரு மாதங்களிலும் ஏதேனும் ஒரு வடிவில் அடுத்த வீட்டுப் படியேறுமாயின், அஸ்தம்பட்டியும் அதுபோன்ற நூறு புறநகர்களும் வந்திறங்கியோரின் ஊர்களாக மட்டும் நில்லாமல், சேர்ந்து வாழ்வோரின் ஊர்களாகும்.