எல்லைக் காவலும் மனிதக் காவலும்

நாட்டின் பாதுகாப்பென்பது எல்லையையும் படைபலத்தையும் சார்ந்தது என்னும் கருத்தே நெடுங்காலம் கோலோச்சியது. அதனை மறுத்துரைத்தவருள் முதன்மையானவர் பாகிஸ்தானியப் பொருளியல் அறிஞர் மஹ்பூபுல் ஹக் (1934–1998). தம் நாட்டுத் தொழில்துறைச் சொத்துகளில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு 22 குடும்பங்களிடம் குவிந்திருந்ததை 1968-இல் அம்பலப்படுத்தியவர் அவர். உற்பத்தி பெருகியும் எளியோர் வாழ்வு உயராத அம்முரணே அவரது பிற்காலச் சிந்தனைக்கு வித்தாயிற்று எனலாம்.

1990-இல் அவரது முயற்சியால் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் மனித வளர்ச்சி அறிக்கை பிறந்தது. பனிப்போர் ஓய்ந்தபின் வந்த 1994-ஆம் ஆண்டு அறிக்கை, பொருளாதாரம், உணவு, உடல்நலம், சுற்றுச்சூழல், தனிமனிதர், சமூகம், அரசியல் என ஏழு கூறுகளில் பாதுகாப்பை வகுத்தது. அச்சமின்மையும் வறுமையின்மையும் அதன் இரு தூண்கள்.

எதிர்ப்பும் எழாமலில்லை. அனைத்தையும் பாதுகாப்பென்றால் முன்னுரிமை எதற்கு என ஆய்வாளர் வினவினர். வல்லரசுகளின் தலையீட்டுக்கு இது சாக்காகும் என வளரும் நாடுகள் ஐயுற்றன. இந்த ஐயத்தைக் கருதியே, மனிதப் பாதுகாப்பு படைபலப் பயன்பாட்டைக் குறிக்காது என 2012-இல் ஐ.நா. பொதுச்சபை தீர்மானித்தது.

1998 மே மாதம் இந்தியாவும் பாகிஸ்தானும் அணுகுண்டு வெடித்துச் சோதித்தன. அவ்வாண்டு ஜூலையில் ஹக் மறைந்தார். குண்டு பெற்ற இரு நாடுகளிலும் பசித்த குழந்தைகள் பசித்தவாறே இருந்தனர். யாருடைய பாதுகாப்பு என்னும் அவரது வினா இன்னும் விடை பெறவில்லை.