பேய் எளிது, நாய் அரிது

பண்டைச் சீனத்தின் அரசியல் சிந்தனையாளர் ஹான் ஃபெய் கி.மு. 233இல் மறைந்தவர். அவர் பெயரால் வழங்கும் நூலில் சிறியதோர் உரையாடல் உண்டு. அரசன் ஒருவன் தன் அவைக்கு வந்த ஓவியனிடம், வரைவதற்கு மிக அரியது எது என்று கேட்கிறான். நாயும் குதிரையும் என்கிறான் ஓவியன். எளியது எது என்றால், பேயும் பூதமும் என்கிறான். நாயையும் குதிரையையும் எல்லோரும் காலை முதல் மாலை வரை பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கோடு சற்றுப் பிசகினாலும் கண்டுபிடித்துவிடுவார்கள். பேயை யாரும் கண்டதில்லை. எப்படி வரைந்தாலும் தவறென்று சொல்ல ஆளில்லை.

இரண்டாயிரம் ஆண்டுகளைக் கடந்த இந்த விடையை, நம் காலத்தில் பிறந்த ஒரு கலையோடு உரசிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். கணினித் திரையில், களிமண் இல்லாமல், பேனா போன்ற ஒரு கோலைக் கொண்டு உருவங்களைச் செதுக்கும் கலை அது. கணினிச் சிற்பம் என்று அதைக் குறிப்போம். திரைப்படங்களிலும் கணினி விளையாட்டுகளிலும் நாம் காணும் அரக்கர்களும் வீரர்களும் பெரும்பாலும் இவ்வழியில் பிறந்தவர்களே. இக்கலையைப் பயில வருவோர் ஏறத்தாழ எல்லோரும் பூதத்தில் தொடங்குகிறார்கள். மனித முகத்தில் வந்து திணறுகிறார்கள். ஓவியன் சொன்னது சரிதான் போலும் என்று தோன்றும். ஆனால் இக்கலையின் வரலாறு அவன் சொன்னதில் பாதியை மட்டுமே மெய்ப்பிக்கிறது.

கணினிக்கு முந்தைய கதையிலிருந்து தொடங்குவோம். லியோனார்டோ டா வின்சி தம் குறிப்புகளில், கற்பனை விலங்கு இயல்பானதாகத் தோன்ற வேண்டுமானால் அதன் ஒவ்வோர் உறுப்பும் உண்மையான ஏதோ ஒரு விலங்கின் உறுப்பை ஒத்திருக்க வேண்டும் என்று அறிவுறுத்துகிறார். பறவைநாகம் ஒன்றை வரைவதானால் வேட்டை நாயின் தலை, பூனையின் கண், முள்ளம்பன்றியின் செவி, ஆமையின் கழுத்து என்று அவரது பட்டியல் நீள்கிறது. இளமையில் அவர் ஒரு கேடயத்தில் பூதம் வரைவதற்காகப் பல்லி, பாம்பு, வெட்டுக்கிளி, வௌவால் முதலியவற்றைத் தம் அறையில் சேர்த்து வைத்திருந்தார் என்று வசாரி எழுதியிருக்கிறார். பேயை வரைய நாயிடம் போகவேண்டும் என்பதே இதன் பொருள்.

சிற்பிகள் இதை நன்கறிந்திருந்தார்கள். பிரெஞ்சுச் சிற்பி ஊதோன் 1767இல் ரோமில் ஒரு மனித உருவம் செய்தார். தோல் உரித்து, தசைகள் மட்டும் தெரியும்படி ஒரு கையை நீட்டி நிற்கும் உருவம். அதன் படிகள் ஐரோப்பியக் கலைப்பள்ளிகள் பலவற்றுக்குச் சென்று, தலைமுறை தலைமுறையாக மாணவர்களுக்குப் பாடமாயின. 1933ஆம் ஆண்டின் 'கிங் காங்' படத்துக்காகக் குரங்குப் பொம்மைகளைச் செய்த மார்செல் டெல்காடோவும் மேல்தோலிலிருந்து தொடங்கவில்லை. முதலில் மூட்டுகள் அசையும் உலோக எலும்புக்கூடு. அதன்மேல் தசைத் திரட்சி. கடைசியாகத்தான் முயல் தோலின் உரோமம். உள்ளிருந்து வெளியே வரும் இந்த வரிசையைத்தான் இன்றும் நல்ல ஆசிரியர்கள் திரையில் கற்பிக்கிறார்கள்.

கணினி இத்துறைக்குள் நுழைந்தபோது அது பூதத்திடம் போகவில்லை என்பது வியப்புக்குரியது. அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராக இருந்த ஆன்ரி கூரோ, 1971இல் தம் மனைவியின் முகத்தின்மீது கோடுகள் வரைந்து, அக்கோடுகள் வெட்டும் புள்ளிகளை அளந்து கணினிக்குள் கொண்டுசென்றார். அடுத்த ஆண்டில் எட் கேட்மல் தமது இடக்கையை அச்செடுத்து, அதை ஏறக்குறைய 350 சிறு தளங்களாகப் பிரித்து, திரையில் விரல்களை மடக்கிக் காட்டினார். ஃபிரெட் பார்க் என்ற உடன்மாணவரோடு சேர்ந்து செய்த அந்தக் கைப் படம் 2011இல் அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது. பார்க் மனித முகத்தை அசைத்துக் காட்டுவதில் முன்னோடியானார். ஆயினும் இவை சிற்பங்கள் அல்ல, அளவைகள். எதிரே இருக்கும் உடலைப் புள்ளிகளாக எண்ணி எடுத்தவை. இல்லாத ஒன்றை உருவாக்கும் கையின் வேலை இன்னும் களிமண்ணிலேயே நடந்துகொண்டிருந்தது.

1993இல் 'ஜுராசிக் பார்க்' வந்தபோதும் அதுவே நிலை. ஸ்டான் வின்ஸ்டனின் சிற்பக்கூடத்தில் டைனோசர்கள் களிமண்ணில்தான் முதலில் உயிர் பெற்றன. பொம்மைகளைச் சிறிது சிறிதாக நகர்த்திப் படமெடுக்கும் பழைய கலையில் தேர்ந்தவர் ஃபில் டிப்பெட். கணினி டைனோசரின் ஓட்டத்தைத் திரையில் கண்டதும், தம் தொழில் அழிந்துபோன இனமாகிவிட்டது என்று அவர் நொந்துகொண்டார். ஆனால் அவரை யாரும் வீட்டுக்கு அனுப்பவில்லை. ஒரு விலங்கு எடையை எந்தக் காலில் ஊன்றும், திரும்புமுன் தலையை எப்படி அசைக்கும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. மூட்டுதோறும் உணர்கருவி பொருத்திய உலோக எலும்புக்கூடு ஒன்று செய்யப்பட்டது. அதை டிப்பெட்டின் குழுவினர் கையால் அசைக்க, அவ்வசைவு கணினிக்குள் சென்றது. கருவி மாறியது, கையறிவு மாறவில்லை. இத்துறையின் வரலாற்றில் திரும்பத் திரும்ப நிகழ்வது இதுதான்.

கையே கணினிக்குள் நுழைய மேலும் சில ஆண்டுகள் ஆயின. ஓஃபர் அலோனும் ஜாக் ரிமோக்கும் தொடங்கிய பிக்ஸாலஜிக் நிறுவனம் 1999இல் 'ஸீபிரஷ்' என்ற மென்பொருளை வெளிக்காட்டியது. தொடக்கத்தில் அது ஆழமும் உள்ள ஓவியப் பலகையாகவே இருந்தது. 2004இல் வந்த இரண்டாம் பதிப்பிலிருந்துதான் சிற்பிகள் அதைத் தமதாக்கிக்கொண்டார்கள்.

அதன் அடிப்படை மிக எளிது. கணினியில் எந்த உருவமும் ஒரு வலை. வலையின் கண்கள் பெரும்பாலும் நாற்கோணங்கள். ஒவ்வொரு நாற்கோணத்தையும் நான்காகப் பிரித்துக்கொண்டே போகலாம். இவ்வாறு பிரித்து வழவழப்பாக்கும் கணித முறையைக் கேட்மலும் ஜிம் கிளார்க்கும் 1978இலேயே வகுத்துவிட்டார்கள். ஆறு முகங்கள் கொண்ட கனசதுரத்தை ஐந்து முறை பிரித்தால் 6,144 முகங்கள். பத்து முறை பிரித்தால் 62,91,456. அவ்வளவு நுண்ணிய வலையில் கோலை அழுத்தினால் மேற்பரப்பு களிமண்போல் குழியும், மேடாகும். தோலின் துளையைக்கூடச் செதுக்கலாம். களிமண்ணில் இல்லாத ஒரு வசதியும் இதில் உண்டு. துளைகளைச் செதுக்கி முடித்த பின்னரும் பழைய பருமனான நிலைக்கு இறங்கி, தாடையை அகலமாக்கிவிட்டு மீண்டும் மேலேறலாம். நுணுக்கங்கள் அழியாமல் கூடவே வரும். இந்தப் பலநிலைச் சிற்ப முறைக்காக அலோனுக்கு 2014இல் ஆஸ்கர் அமைப்பின் தொழில்நுட்ப விருது கிடைத்தது.

ஏறத்தாழ அதே காலத்தில் நியூசிலாந்தின் வேட்டா கூடத்தைச் சேர்ந்த கலைஞர்கள் 'மட்பாக்ஸ்' என்ற இன்னொரு மென்பொருளை உருவாக்கினார்கள். அது முதலில் பயன்பட்ட படம் 2005ஆம் ஆண்டின் 'கிங் காங்'. டெல்காடோவின் முயல் தோல் குரங்குக்கு எழுபத்திரண்டு ஆண்டுகள் கழித்து, அதே குரங்கு மண்ணற்ற மண்ணில் பிறந்தது.

விளையாட்டுகளின் கதை இதற்கு இணையானது. 1993இன் 'டூம்' விளையாட்டில் வந்த பூதங்களில் சில, மெய்யாகவே கையால் செய்த பொம்மைகள். பல கோணங்களில் படம் பிடித்துக் கணினியில் ஏற்றப்பட்டவை. 2004இல் வந்த 'டூம் 3'இல் வேறொரு முறை. பல இலட்சம் முகங்கள் கொண்ட சிற்பத்தின் மேடுபள்ளங்களைப் படமாகப் பதிந்து, சில ஆயிரம் முகங்களே உள்ள எளிய உருவத்தின்மேல் போர்த்திவிடுவது. ஒளி படும்போது எளிய உருவம் நுண்ணிய சிற்பம்போல் ஏமாற்றும். இதன்பின் விளையாட்டுக் கூடங்களுக்குச் சிற்பிகள் தேவைப்பட்டார்கள். அவர்கள் முதலில் கேட்டது பூதங்களை. எனவே ஒரு தலைமுறையே பூதங்களைச் செதுக்கிப் பயின்றது.

மனித உருவம் என்னவாயிற்று? ஜப்பானிய எந்திர ஆய்வாளர் மசாஹிரோ மோரி 1970இல் எழுதிய கட்டுரை ஒன்று இங்கு நினைக்கத்தக்கது. பொம்மை மனிதனை நெருங்க நெருங்க நமக்கு அதன்மேல் அன்பு கூடும். ஆனால் மிக நெருங்கிய ஓரிடத்தில் அந்த அன்பு திடீரென்று அருவருப்பாகிவிடும் என்றார் அவர். 2001இல் வந்த 'ஃபைனல் ஃபேண்டஸி' படத்தின் நாயகிக்கு ஏறத்தாழ 60,000 தலைமயிர் தனித்தனியே அமைக்கப்பட்டிருந்தது. மயிர் அசைந்தது, கண் அசையவில்லை என்றே பார்த்தோர் உணர்ந்தனர். படத்தின் தோல்விக்குப் பின் அக்கூடமே மூடப்பட்டது. நம் ஊரிலும் இதற்குச் சான்றுண்டு. 2014இல் வெளியான 'கோச்சடையான்' ரஜினிகாந்தின் உருவத்தைக் கணினியில் ஆக்க முயன்றது. தமிழ்நாட்டில் அவரது முகத்தைவிடப் பழகிய முகம் வேறேது? திரையில் தெரிந்த முகத்தை நாற்பதாண்டு நினைவோடு மக்கள் ஒப்பிட்டார்கள், குறையும் சொன்னார்கள். குதிரையை வரைவதன் இடர் இதுவே.

ஆயினும் இதே ஆண்டுகளில் இரு பூதங்கள் மக்கள் மனத்தை வென்றன. 2002இன் கோலம், 2006இன் டேவி ஜோன்ஸ். மெலிந்த உடலும் பிதுங்கிய விழியுமாக வந்த கோலத்தின் முகம், அதற்கு நடித்த ஆண்டி செர்கிஸின் முகத்தைத் தழுவி மாற்றி அமைக்கப்பட்டது. தாடி இருக்கவேண்டிய இடத்தில் எண்காலியின் கைகள் நெளிய நின்ற டேவி ஜோன்ஸ் முழுவதும் கணினி உருவம். பில் நையின் நடிப்பை உள்வாங்கியது. அதை ஒப்பனை என்று எண்ணியவர்கள் பலர். இவ்விரு பூதங்களும் வென்றது அவற்றின் விசித்திரத்தால் அல்ல. இமையின் கனத்தாலும் வாயோரத்துச் சுருக்கத்தாலும். பேய்க்குள் மனிதன் இருந்தான். ஓவியன் சொல்லாமல் விட்ட மறுபாதி இதுதான்: பேயை வரைவது எளிது, அதை நம்பவைப்பது நாயைவிட அரிது.

பயில்வோர் இதை எப்படி உணர்கிறார்கள் என்று பார்ப்போம். சிற்பம் செதுக்கும் வசதி 2007இல் 'பிளெண்டர்' மென்பொருளிலும் சேர்ந்தது. 2002 முதல் கட்டுப்பாடின்றி எவரும் பெறக்கூடியதாக இருக்கும் மென்பொருள் அது. காசில்லாத மாணவனுக்கும் களிமண் கிடைத்தது. நம் நண்பர் குழாமில் சிலரும் அதில் பழகியதுண்டு. ஓர் உருண்டையில் தொடங்கி, இரு கொம்பும் நான்கு கோரைப்பற்களும் இழுத்தால் ஒரே மாலையில் பூதம் தயார். இடப்பக்கம் செய்வதைக் கணினியே வலப்பக்கமும் செய்துவிடுகிறது. மகிழ்ச்சி இரண்டாம் வாரத்தில் கேள்வியாகிறது. இவ்வளவு பெரிய பல்லைத் தாங்கும் தாடைக்குத் தசை எங்கிருந்து வரும்? ஆண் கொரில்லாவின் உச்சந்தலையில் ஓர் எலும்பு முகடு ஓடுகிறது. மெல்லும் தசைகள் பற்றிக்கொள்ள இடம் போதாமல் எழுந்த முகடு அது. அதை அறிந்தவன் தன் பூதத்தின் மண்டையிலும் ஒரு முகடு வைப்பான். பார்ப்பவருக்குக் காரணம் தெரியாது, ஆனால் கடித்தால் எலும்பு நொறுங்கும் என்ற அச்சம் வரும். முதுகில் சிறகு ஒட்டுபவன், பறவைக்குச் சிறகை அடிக்கும் தசை மார்பில் இருப்பதையும், அது பற்றிக்கொள்ள மார்பெலும்பு கப்பலின் அடிமரம்போல் புடைத்திருப்பதையும் கற்கவேண்டி வரும்.

இவ்வாறு பூதமே மாணவனை மனிதனிடம் அழைத்துச் செல்கிறது. அங்கே அவன் தெரிந்துகொள்பவை நாள்தோறும் பார்த்தும் பாராதவை. கண்கள் தலையின் மேற்பகுதியில் இல்லை, நட்டநடுவில் இருக்கின்றன. காது, புருவத்துக்கும் மூக்கின் அடிக்கும் இடைப்பட்ட உயரத்தில் சற்றுப் பின்சாய்ந்து நிற்கிறது. இமை ஒரு கோடன்று, கனமுள்ள ஒரு விளிம்பு. எந்த முகத்திலும் இடமும் வலமும் ஒன்றல்ல. எனவே கணினி இலவசமாகத் தந்த சமச்சீரைக் கடைசியில் கையால் குலைத்தாக வேண்டும்.

இன்று சில சொற்களைத் தட்டினாலே முப்பரிமாண உருவத்தைக் கொடுத்துவிடும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் வந்துவிட்டன. பேய் முன்னெப்போதையும்விட எளிதாகிவிட்டது. டிப்பெட்டின் அச்சம் புதிய தலைமுறையிடம் திரும்பியிருக்கிறது. அவருக்குக் கைகொடுத்த விலங்கறிவு இவர்களுக்கும் கைகொடுக்குமா என்பதை வரும் ஆண்டுகள் சொல்லும். ஆனால் ஒன்றைக் கவனிக்கலாம். ஹான் ஃபெய் அந்த உரையாடலை ஓவியம் கற்பிக்க எழுதவில்லை. சரிபார்க்க இயலாத பெரும்பேச்சில் அரசர்கள் மயங்கிவிடக் கூடாது என்பதற்காகவே எழுதினார். உருவம் ஒன்று நம் முன் வைக்கப்படும்போது, அதன் தோளெலும்பு எங்கே, எடை எந்தக் காலில் என்று கேட்கத் தெரிந்திருப்பதே சரிபார்க்கும் அறிவு. செய்துகொடுக்கும் கருவி எவ்வளவு வளர்ந்தாலும், அந்தக் கேள்வியைப் பார்ப்பவன்தான் கேட்டாக வேண்டும். அதைக் கேட்கும் கண்ணைப் பெறுவதற்கு, ஒரு காதைச் சரியாகச் செதுக்கி முடிக்கும்வரை உட்கார்ந்திருப்பதைவிடக் குறுக்குவழி எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை.