ஊரையே இடம் மாற்றிய பிரபு

பிஸ்கட் டின் மூடியில் இங்கிலாந்து கிராமத்துப் படம் பார்த்திருப்பீர்கள். கூரை வீடு, வெளிறிய சுவர், முன்னால் புல்தரை. டார்செட்டில் இருக்கும் மில்டன் அப்பாஸ் அச்சு அசல் அப்படித்தான். ஒரே தெரு, இரண்டு பக்கமும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி 36 வீடுகள். அழகுதான், ஆனால் அது வந்த கதை வேறு.

முதலில் அங்கே இருந்தது மிடில்டன் என்ற சந்தை ஊர். பழைய மடாலயத்தை ஒட்டி நூறு வீடுகளுக்கு மேல், பள்ளிக்கூடம், சத்திரங்கள். 1752ல் ஜோசஃப் டேமர் (பிறகு மில்டன் பிரபு) அந்த எஸ்டேட்டை வாங்கினார். தன் மாளிகைக்குப் பக்கத்தில் ஊரும் இரைச்சலும் இருப்பது அவருக்குப் பிடிக்கவில்லை. அதற்காக ஊரையே தூக்கிவிட முடியுமா? முடிந்தது! மண் அவருடையது, வீடுகள் குத்தகை. குத்தகை முடிய முடிய ஒவ்வொன்றாக இடித்தார். மாளிகையின் கண்ணில் படாத பள்ளத்தாக்கில் 1780 வாக்கில் புதுக் கிராமம் எழுந்தது. பூங்கா வடிவமைப்பில் பேர்போன கேபபிலிட்டி பிரவுனுக்கும் இதில் பங்கு உண்டு. 1674ல் கட்டிய தருமவிடுதியைக்கூடப் பிரித்து எடுத்துப்போய் அங்கே நிறுத்தினார்கள். பள்ளிக்கூடம் 1785ல் பாராளுமன்றச் சட்டம் போட்டு பிளாண்ட்ஃபோர்டுக்கு அனுப்பப்பட்டது.

ஒரே ஒருத்தர் மட்டும் அசையவில்லை. வக்கீல் வில்லியம் ஹாரிசன். குத்தகைக் காலம் பாக்கி இருக்கிறது, போகமாட்டேன் என்றார். பிரபு குளத்து மதகைத் திறந்து அவர் வீட்டுக்குள் தண்ணீர் விடச் சொன்னார். வக்கீலிடமா விளையாடுவது? ஹாரிசன் வழக்குப் போட்டு ஜெயித்தார். சட்டம் தெரியாத மற்றவர்கள்தான் மூட்டை கட்டினார்கள்.

அந்த அழகான வீடுகளுக்கு உள்ளே வருவோம். வெளியிலிருந்து ஒரு வீடாகத் தெரியும். கட்டியது இரண்டு குடும்பங்களுக்கு. மண் சுவர், நடுவில் பொதுவாக ஒரே வாசல். இந்த மாதிரி எஸ்டேட் கிராமங்களில் வேலையோடு சேர்ந்ததுதான் வீடு. வேலை போனால் வீடும் போகும், புருஷன் செத்தால் பெண்டாட்டி பிள்ளைகள் தெருவில். கம்பெனி குவார்ட்டர்ஸில் ரிட்டையர்மெண்ட் தேதியை எண்ணிக்கொண்டு இருந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அங்கே பண்ணைத் தொழிலாளர்களை அப்படி வெளியேற்றாமல் காக்கும் சட்டம் 1976ல்தான் வந்தது.

மிடில்டன் இருந்த இடத்தில் இப்போது புல்வெளி.