மலைமேல் ஒரு வெள்ளையூர்

ஸ்பெயின் நாட்டின் தென்கரையிலே, மத்தியதரைக் கடலை நோக்கி இறங்கும் மலைச்சரிவுகளில், வெள்ளையூர்கள் என வழங்கும் சிற்றூர்கள் பல உள. அவற்றுள் ஒன்று பிரிஹிலியானா. மாலகா நகருக்குக் கிழக்கே உள்ள நெர்ஹா என்னும் கடற்கரைப் பட்டினத்திலிருந்து மலைப்பாதையில் ஏறத்தாழ 6 கிலோமீற்றர் சென்றால் இவ்வூரை அடையலாம். கடல்மட்டத்துக்குமேல் சுமார் 300 மீற்றர் உயரத்தில், அல்மிஹாரா மலைத்தொடரின் அடியில் அது அமைந்துள்ளது. தூரத்தே நின்று நோக்குவார்க்கு, மலையின் தோளிலே வெண்துகில் ஒன்றை உலர விரித்தாற்போலத் தோன்றும்.

ஊரினுள்ளே புகுந்தால், வண்டி செல்ல இயலாத ஒடுங்கிய ஒழுங்கைகள் வளைந்து வளைந்து மேலேறுகின்றன. நிலத்திலே கூழாங்கற்கள் கோலம்போலப் பதிக்கப்பட்டுள்ளன. செங்குத்தான இடங்களில் ஒழுங்கை படிக்கட்டாக மாறிவிடுகிறது. சிற்சில இடங்களில் ஒரு வீட்டின் அறை ஒழுங்கையின்மேலே பாலம்போல நீண்டு எதிர்வீட்டைத் தொட, வழிச்செல்வோர் அதன்கீழ் நுழைந்து போகின்றனர். ஒழுங்கைகள் குறுகியிருத்தலால் நண்பகலிலும் நிழல் நிலைக்கிறது. சுவர்களுக்கு ஆண்டுதோறும் சுண்ணாம்பு பூசுகின்றனர். சுண்ணாம்பு வெயிலைத் திருப்பியெறிந்து வீட்டைக் குளிர்விப்பது. பூச்சிகளையும் நோய்க்கிருமிகளையும் அழிப்பது. ஊர் முழுவதும் ஒருசீராக வெண்மை பூண்டமை அண்மை நூற்றாண்டுகளின் வழக்கமே என்பர். ஆயின் ஒழுங்கைகளின் வளைவும், வீடுகள் ஒன்றன்தோளில் ஒன்றாக ஏறி நிற்கும் அமைப்பும் அதனினும் பழையன.

இவ்வூருக்கு வருவோர் ஒழுங்கைச் சுவர்களில் வேறொன்றையுங் காண்பர். வண்ண ஓடுகளால் ஆன 12 பலகைகள் ஆங்காங்கே பதிக்கப்பட்டுள்ளன. அவற்றை ஒன்றன்பின் ஒன்றாகப் படித்துக்கொண்டு ஏறினால் ஒரு போரின் கதை விரிகிறது. இவ்வூரை அமைத்து, வயல் திருத்தி, நீர் பாய்ச்சி வாழ்ந்த மக்கள் எவ்வாறு இங்கிருந்து அகற்றப்பட்டனர் என்பதே அக்கதை.

கி.பி. 711இல் வடஆபிரிக்காவிலிருந்து முஸ்லிம் படைகள் கடல்கடந்து ஸ்பெயினுள் நுழைந்தன. அன்று தொட்டு ஏறத்தாழ 780 ஆண்டுகள் அந்நாட்டின் ஒரு பகுதியேனும் முஸ்லிம் மன்னர் ஆட்சியில் இருந்தது. வடக்கேயிருந்த கிறித்தவ அரசுகள் சிறிது சிறிதாகத் தெற்கே பரவி வர, இறுதியில் எஞ்சியது கிரனாடா அரசு ஒன்றே. 1487இல் வேலெஸ் நகரும் மாலகா நகரும் வீழ்ந்தபோது பிரிஹிலியானாவும் கிறித்தவர் வசமாயிற்று. 1492ஆம் ஆண்டு ஜனவரி 2ஆம் நாள் கிரனாடா நகரமே பேர்டினன்ட் மன்னனுக்கும் இசபெல்லா அரசிக்கும் பணிந்தது.

கிரனாடா பணிந்தது வெறுமனே அன்று. உடன்படிக்கை ஒன்றின்மேலேயே பணிந்தது. 1491 நவம்பரில் எழுதப்பட்ட அவ்வுடன்படிக்கை, தோற்ற மக்கள் தம் சமயத்தையும், பள்ளிவாசல்களையும், சொத்துக்களையும், வழக்குத் தீர்க்கும் முறையையும் எக்காலமும் வைத்திருக்கலாம் என உறுதி கூறிற்று. அவ்வுறுதி பத்தாண்டுகூட நிலைக்கவில்லை. 1499இல் கர்தினால் சிஸ்னேரோஸ் கிரனாடாவுக்கு வந்து கட்டாய மதமாற்றத்தைத் தொடங்கினார். மக்கள் கிளர்ந்தனர். கிளர்ந்தமையால் உடன்படிக்கையை அவர்களே முறித்துவிட்டனர் என அரசு வாதித்தது. 1502இல், காஸ்தீலியா அரசின் எல்லைக்குள் வாழ்ந்த முஸ்லிம்கள் ஞானஸ்நானம் பெறவேண்டும், அன்றேல் நாட்டைவிட்டு நீங்கவேண்டும் என ஆணை பிறந்தது. அவ்வாறு கிறித்தவராக்கப்பட்டோரும் அவர்தம் வழிவந்தோருமே மொரிஸ்கோக்கள் எனப்பட்டனர்.

பெயரளவிற் கிறித்தவராயினும் மொரிஸ்கோக்கள் தம் தாய்மொழியாகிய அரபையும், தம் உடையையும், உணவையும், திருமண வழக்கங்களையும் விடவில்லை. அவற்றைத் தடைசெய்யும் ஆணை ஒன்று 1526இல் எழுந்தபோது, பெருந்தொகைப் பணம் செலுத்தி அதனை நிறுத்திவைக்கச் செய்தனர். அத்தவணையும் முடிந்தது. இரண்டாம் பிலிப்பு மன்னனின் ஆட்சியில், 1567 ஜனவரி முதல்நாள், அவ்வாணை இன்னுங் கடுமையாகக் கிரனாடாவில் முரசறையப்பட்டது. மூன்று ஆண்டுகளுக்குள் யாவரும் காஸ்தீலிய மொழியைக் கற்றுக்கொள்ளவேண்டும். அதன்பின் பொதுவிடத்திலோ வீட்டினுள்ளோ அரபு பேசுதல், எழுதுதல், படித்தல் குற்றமாகும். அரபில் எழுதிய ஒப்பந்தங்கள் செல்லா. பெண்டிர் முகத்திரையை நீக்கவேண்டும். நீராடும் மண்டபங்கள் இடிக்கப்படும். வெள்ளிக்கிழமைகளில் வீட்டுக் கதவுகள் திறந்தே இருத்தல் வேண்டும். ஆணையின் சாரம் இதுவே.

இதனை எதிர்த்து ஒரு முதியவர் எழுதினார். பிரான்சிஸ்கோ நூனியெஸ் முலேய் என்பது அவர் பெயர். இளமையில் கிரனாடாவின் முதற் பேராயரிடம் ஏவலராய் இருந்த அவர், எழுபது வயதைக் கடந்த நிலையிலே, கிரனாடா நீதிமன்றத் தலைவராகிய பெத்ரோ தே தேசாவுக்கு நீண்டதொரு விண்ணப்பம் அளித்தார். அதன் வாதங்கள் இன்றும் சிந்திக்கத்தக்கன. உடை நாட்டுக்கு உரியது, சமயத்துக்கு உரியதன்று. துருக்கர் உடை வேறு, மொரோக்கர் உடை வேறு, இருவர்க்கும் சமயம் ஒன்றே என்றார். மொழியும் அவ்வாறே, மால்ற்றாத் தீவிலும் சிரியாவிலும் எகிப்திலும் கிறித்தவர்கள் அரபு பேசியே இறைவனை வணங்குகின்றனர் என எடுத்துக்காட்டினார். குக்கிராமத்து முதியோர், பிறந்த நாள் தொட்டுப் பேசிய மொழியை மூன்று ஆண்டுகளில் எங்ஙனம் மறப்பர், புதியதை எங்ஙனம் கற்பர் என வினவினார். நிலவுரிமைப் பத்திரங்கள் அரபில் இருக்க, அவை செல்லாவாயின் ஏழைகள் நிலத்தை இழப்பரே என்றும் வருந்தினார். விண்ணப்பம் ஏற்கப்படவில்லை.

1568ஆம் ஆண்டு நத்தார்க் காலத்தில் அல்புஹாராஸ் மலைநாட்டிலே கிளர்ச்சி மூண்டது. பெர்னாண்டோ தே வாலோர் என்னும் இளைஞன் அபென் உமேயா என்ற அரபுப் பெயரோடு மன்னனாக முடிசூட்டப்பட்டான். அடுத்த ஆண்டின் வசந்தத்தில் தீ பிரிஹிலியானாப் பகுதிக்கும் பரவிற்று. சுற்றியுள்ள மலையூர்களின் மொரிஸ்கோக்கள், மனைவி மக்களையும் கால்நடைகளையும் உடன்கொண்டு, பிரிஹிலியானாவின்மேல் ஓங்கி நிற்கும் குன்றில் அரண் கொண்டனர். ஏறத்தாழ 1000 மீற்றர் உயரமுள்ள அக்குன்றை இன்று எல் புவேர்த்தே, அதாவது அரண், என அழைக்கின்றனர்.

மே மாத இறுதியில் வேலெஸ் நகரிலிருந்து வந்த படை குன்றைத் தாக்கித் தோற்றது. பின்னர் இத்தாலியிலிருந்து போர்க்கப்பல்களோடு வந்த தளபதி லூயிஸ் தே ரெக்கெசென்ஸ், தேர்ந்த போர்வீரரைக் கரையில் இறக்கினான். 1569 ஜூன் 11ஆம் நாள் நாற்புறமும் குன்றின்மேல் ஏறினர். மேலே நின்றோரிடம் இருந்தவை பெரும்பாலும் கவண்களும், அம்புகளும், உருட்டிவிடும் பாறைகளுமே. ஆடவரோடு பெண்டிரும் நின்று போரிட்டனர். மாலைக்குள் குன்று வீழ்ந்தது. மொரிஸ்கோக்களில் ஏறத்தாழ 2000 பேர் மாண்டனர் என அக்கால வரலாறு கூறுகிறது. சிறைப்பட்ட பெண்டிரும் சிறாரும் அடிமைகளாக விற்கப்பட்டனர். பகைவர் கையில் அகப்படுதலினும் இறத்தலே நன்றென்று பெண்கள் சிலர் பாறையினின்றும் குதித்தனர் என்பது இன்றும் வழங்கும் ஊர்க்கதை.

கிளர்ச்சி 1571 வரை பிறவிடங்களில் நீடித்து அடங்கியது. அதற்கு முன்னரே, 1570 நவம்பரில், கிளர்ச்சியிற் சேர்ந்தோர் சேராதோர் என்ற வேறுபாடின்றிக் கிரனாடா நாட்டு மொரிஸ்கோக்களை வெளியேற்றும் பணி தொடங்கிற்று. ஏறத்தாழ 80000 பேர் காஸ்தீலியாவின் உள்நாட்டுக்குக் கால்நடையாகக் கொண்டுசெல்லப்பட்டனர். மழையிலும் பனியிலும் பசியிலும் நோயிலும் வழியிலேயே மாண்டோர் பலர். இவ்வேலையை நடத்தியவன் மன்னனுக்குத் தந்தை ஒருவராய்த் தாய் வேறான தம்பியாகிய ஆஸ்திரியாவின் தொன் ஹுவான். மனிதத் துயரை இதனினும் மெய்யாகச் சித்திரிக்க இயலாது என்னும் கருத்துப்பட அவனே கடிதம் எழுதினான். எனினும் ஆணையை நிறைவேற்றினான். 1609 முதல் 1614 வரை ஸ்பெயின் முழுவதிலிருந்தும் ஏறத்தாழ 300000 மொரிஸ்கோக்கள் கப்பலேற்றப்பட்டனர்.

அகற்றியபின் நேர்ந்தது யாது? வீடுகள் இருந்தன, குடிகள் இல்லை. வடக்கேயிருந்து கிறித்தவக் குடும்பங்களைக் கொணர்ந்து குடியேற்றினர். ஆயினும் கிரனாடா நாட்டுச் சிற்றூர்கள் பல பாழாகவே கிடந்தன. பட்டுத்தொழில் நலிந்தது. மலைச்சரிவில் கல்லடுக்கி அமைத்த படிவயல்களைக் காப்பதும், மலையூற்று நீரை வாய்க்கால் வழியே முறைவைத்துப் பாய்ச்சுவதும் புதியோர்க்குக் கைவந்த தொழில்கள் அல்ல. இவ்வுண்மையை அரசே அறிந்திருந்தது என்பதற்குச் சான்று உண்டு. 1609இல் வலென்சியா நாட்டு மொரிஸ்கோக்களை வெளியேற்றிய ஆணை, நூறு குடும்பங்களில் ஆறு குடும்பங்களை நிறுத்திக்கொள்ள இடமளித்தது. எதற்காக? வீடுகளையும், சர்க்கரை ஆலைகளையும், நெல் விளைவையும், நீர்ப்பாசனத்தையும் பேணிப் புதியோர்க்குக் கற்பிப்பதற்காக. வேண்டாதவர் என்று விரட்டப்பட்டவரின் கைத்திறன் வேண்டியதாயிருந்தது.

பிரிஹிலியானாவைச் சூழ இன்றும் படிவயல்கள் உள. ஒலிவ மரமும் திராட்சையும் வாதுமையும் அவற்றில் வளர்கின்றன. நீர் ஓடும் வாய்க்காலை ஊரவர் ‘அசேக்கியா’ என்கின்றனர். நீர்த்தொட்டியை ‘அல்பேர்க்கா’ என்கின்றனர். ஒலிவ எண்ணெய் ஆட்டும் ஆலையை ‘அல்மசாரா’ என்கின்றனர். மூன்றும் அரபுச் சொற்களே. வீட்டினுள்ளும் பேசலாகாது எனத் தடுக்கப்பட்ட மொழி, தடுத்தவரின் நாவிலேயே குடியிருக்கிறது. சர்க்கரையைக் குறிக்கும் ‘அசூக்கார்’ என்னும் ஸ்பானியச் சொல்லோ நம்மவர்க்கு இன்னும் நெருங்கியது. வடமொழியின் ‘சர்க்கரா’ பாரசீகத்திற் புகுந்து, அரபில் ‘சுக்கர்’ ஆகி, ஸ்பெயினை அடைந்தது. தமிழர் சர்க்கரை என்பதும் அதே சொல்லே. சொல் சென்ற வழியே கரும்பும் சென்றது. கீழைநாட்டுக் கரும்பை அரபுமக்களே அண்டலூசியாவின் கரையில் நட்டு நீர்பாய்ச்சி வளர்த்தனர்.

பிரிஹிலியானாவின் நுழைவாயிலில் பெரியதொரு மாளிகை நிற்கிறது. ஊரை ஆண்ட மன்றிக்கே தே லாரா குடும்பத்தார் 16ஆம் நூற்றாண்டில் கட்டியது அது. போரின்பின் இடிந்த பழைய கோட்டையின் கற்கள் அதன் சுவரிற் புகுந்துள்ளன. பிற்காலத்தில் அம்மாளிகை கரும்பாலை ஆயிற்று. கரும்புத் தேன் என ஊரவர் அழைக்கும் கருப்பம்பாணி அங்கு காய்ச்சப்பட்டுவந்தது. ஐரோப்பியப் பெருநிலத்தில் இத்தொழிலைக் கைவிடாது காத்த ஆலை இதுவே எனப் பெயர்பெற்றது. அக்கரையிலே கரும்பிலிருந்து சர்க்கரை எடுத்த ஆலைகளுள் இறுதியானது, சலோபிரேனியாவுக்கு அருகிலுள்ள ஆலை, 2006இல் மூடப்பட்டது. கரும்பு நின்ற வயல்கள் பலவற்றில் இன்று வெப்பநாட்டுக் கனிமரங்களும் உல்லாச விடுதிகளும் நிற்கின்றன.

வெளியேற்றப்பட்டோரின் வழித்தோன்றல்கள் மொரோக்கோ, அல்ஜீரியா, துனீசியா ஆகிய நாடுகளில் வாழ்கின்றனர். துனீசியாவில் தெஸ்தூர் என்னும் ஊரை அமைத்தோர் மொரிஸ்கோ அகதிகளே. மொரோக்கோவின் தெத்துவான் நகரின் வெண்மாடங்களிலும் அண்டலூசியாவின் சாயலைக் காணலாம். 1492இல் ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்ட யூதரின் வழிவந்தோர் ஸ்பானியக் குடியுரிமை பெறுதற்கு 2015இல் ஒரு சட்டம் வழிசெய்தது. அவ்வழி 2019 வரை திறந்திருந்தது. மொரிஸ்கோக்களின் வழிவந்தோர்க்கு அத்தகைய கதவு திறக்கப்படவில்லை.

இன்று பிரிஹிலியானாவில் வாழும் ஸ்பானியக் குடிகள் பலர், வென்ற அரசு கொணர்ந்து குடியேற்றியோரின் சந்ததியார். வடஐரோப்பியர் பலரும் வெயிலை நாடி வந்து வீடு வாங்கியுள்ளனர். 1982இல் ஸ்பெயினின் அழகிய ஊர்களுக்கான தேசியப் பரிசு இவ்வூருக்குக் கிடைத்தது. கோடைகாலத்தின் இறுதியில் கிறித்தவர், முஸ்லிம், யூதர் என்னும் மூன்று பண்பாடுகளையும் நினைவுகூரும் விழா ஒன்று இங்கு எடுக்கப்படுகிறது. விழாவாற் பழைய இழப்பு ஈடுசெய்யப்படும் என யாருங் கூறார். நூனியெஸ் முலேயின் விண்ணப்பம் ஏற்கப்பட்டிருப்பின் அக்குன்றின்மேல் இரத்தம் சிந்தப்பட்டிருக்குமா என்ற வினாவுக்கும் இனி விடையில்லை.

ஆயினும் அந்த 12 ஓட்டுப் பலகைகளை எண்ணிப் பார்த்தல் தகும். எழுதப்பட்ட உறுதிமொழி முறிக்கப்பட்டதையும், குன்றின்மேல் நின்ற மக்களின் வீழ்ச்சியையும், அவர்தம் நிலத்தையும் வீட்டையும் பெற்றோரின் வழிவந்தோரே தம் வெண்சுவர்களிற் பதித்து வைத்திருக்கின்றனர். ஆண்டுதோறும் அச்சுவர்களுக்குச் சுண்ணாம்பு பூசுவோர், ஓடு பதித்த இடத்தை மட்டும் பூசாது விட்டுச் செல்கின்றனர்.