மைசூரில் தமிழ் படித்த பீகார் மாஸ்டர்கள்

1965 ஜனவரியில் தமிழ்நாடு இந்தியை எதிர்த்துத் தெருவில் இறங்கியது. இளைஞர்கள் தீக்குளித்தார்கள், துப்பாக்கிச் சூடு நடந்தது, பள்ளி கல்லூரிகள் மூடிக் கிடந்தன. அந்தச் சூடு ஆறி ஐந்தாறு வருஷம் ஆவதற்குள், இந்தி பேசும் ஊர்களிலிருந்து பள்ளி ஆசிரியர்களை வரவழைத்துத் தமிழ் சொல்லிக்கொடுக்கும் வகுப்பை மத்திய அரசே நடத்தத் தொடங்கியது. நடந்தது சென்னையிலோ மதுரையிலோ இல்லை, மைசூரில். தமிழ்நாட்டிலிருந்து வரும் உறவுக்காரர்களிடம் இதைச் சொன்னால் நான் ஏதோ கதை விடுகிறேன் என்று பார்க்கிறார்கள். நான் மைசூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழன். அந்த ஆசிரியர்களில் சிலர் எங்கள் வீட்டு மாடி அறையில் குடியிருந்தவர்கள்.

பின்னணி எல்லாருக்கும் அரைகுறையாகத் தெரிந்ததுதான். 1968 ஜனவரியில் வெளியான ஆட்சிமொழித் தீர்மானம் மும்மொழித் திட்டத்தை எழுதி வைத்தது. இந்தி பேசாத மாநிலங்களில் இந்தியும் படிக்க வேண்டும். இந்தி மாநிலங்களில் வேறொரு இந்திய மொழி, கூடுமானால் தென்னாட்டு மொழி ஒன்று, படிக்க வேண்டும். அதே மாதம் 23ஆம் தேதி அண்ணா முதலமைச்சராக இருந்த சட்டமன்றம் தமிழும் ஆங்கிலமும் போதும் என்று முடிவு செய்துவிட்டது. தமிழ்நாட்டுக்காரர்களுக்கு நினைவிருப்பது இந்த முடிவு மட்டும்தான். ஆட்சிமொழித் தீர்மானத்தின் மறுபாதி, அதாவது வடக்கு தெற்கைப் படிக்க வேண்டும் என்ற பாதி, என்ன ஆனது என்று யாரும் கேட்பதில்லை. அது மைசூருக்கு வந்தது.

1969 ஜூலை 17 அன்று இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் இங்கே தொடங்கப்பட்டது. முதல் இயக்குநர் தேவி பிரசன்ன பட்நாயக், ஒடியாக்காரர், மொழியியல் அறிஞர். பின்னாளில் அந்த நாற்காலியில் தமிழரான இ. அண்ணாமலையும் இருந்தார். நிறுவனம் அமைந்த இடம் மானச கங்கோத்ரி பக்கம். மைசூர்ப் பல்கலைக்கழக வளாகத்துக்கு அந்தப் பெயரை வைத்தவர் துணைவேந்தராக இருந்த கவி குவெம்பு. ஊரில் நாங்கள் வெறும் 'கங்கோத்ரி' என்போம். நிறுவனத்தின் கீழ் மண்டல மொழி மையங்கள் ஏற்பட்டன. புவனேஸ்வரம், புனே, பாட்டியாலா, மைசூர். தமிழ், கன்னடம், தெலுங்கு, மலையாளம் நான்கும் மைசூர் மையத்தின் பொறுப்பு. மாநில அரசுகள் தங்கள் பள்ளி ஆசிரியர்களைச் சம்பளத்தோடு அனுப்பும். அவர்கள் பத்து மாதம் இங்கே தங்கிப் படித்துவிட்டுத் திரும்பிப் போய்த் தங்கள் பிள்ளைகளுக்கு அந்த மொழியைக் கற்பிக்க வேண்டும். ஏட்டில் இதைவிட ஒழுங்கான திட்டம் இருக்க முடியாது.

விடுதி இருந்தது. ஆனாலும் மனைவி மக்களோடு வந்தவர்கள் வெளியே வீடு தேடினார்கள். எங்கள் வீடு சரஸ்வதிபுரத்தில், நடந்தே வகுப்புக்குப் போய்விடலாம். அப்பாவுக்கு ரயில்வேயில் குமாஸ்தா வேலை, மாடி அறை வாடகை குடும்பத்துக்கு உதவியது. அம்மா அவர்களைப் 'பீகார் மாஸ்டர்' என்றே கூப்பிடுவாள். அடுத்து வந்தவர் உத்தரப் பிரதேசக்காரராக இருந்தபோதும் பெயர் மாறவில்லை. கடுகெண்ணெய் வாசம் மாடிப்படி இறங்கி வரும்போது முகம் சுளிப்பாள். ஊரிலிருந்து அவர்கள் கொண்டுவந்த வறுத்த கடலை மாவை மட்டும் வெங்காயம் போட்டுப் பிசைந்து சாப்பிடப் பழகிக்கொண்டாள்.

அவர்கள் எங்கே தடுக்கி விழுந்தார்கள் என்பதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். ழகரம் வராது என்று எல்லாரும் நினைப்பார்கள். அது சில வாரத்தில் வந்துவிடும். அவர்களைக் கோபப்படுத்தியது வல்லின எழுத்து. இந்தியில் க, க்ஹ, க, க்ஹ என்று நான்கு ஒலிக்கு நான்கு எழுத்து வைத்துப் பழகியவருக்கு, 'கங்கை' என்ற சொல்லில் ஒரே எழுத்து இரண்டு விதமாக ஒலிப்பது அநியாயமாகத் தெரிந்தது. (பாருங்கள், அந்த நான்கையும் தமிழில் எழுதிக் காட்டக்கூட எனக்கு முடியவில்லை.) "எப்படித் தெரியும், எப்போது எது என்று?" என்று அப்பாவைக் கேட்பார் ஒருவர். அப்பாவுக்கு விதி தெரியாது. "வாயில வந்துடும் சார்" என்பார். மாஸ்டர் அடுத்த நாள் வகுப்பில் கேட்டுக்கொண்டு வந்து, மெல்லினத்துக்குப் பின்னால் வந்தால் இப்படி, இரட்டித்தால் அப்படி என்று எங்களுக்கே பாடம் எடுப்பார். நான் தமிழ் இலக்கணம் கற்றுக்கொண்டது இப்படித்தான். கன்னட மீடியத்தில் படித்தவன் நான்.

இன்னொரு சங்கடம் பேச்சும் எழுத்தும். அந்த மையத்தார் இதில் கெட்டிக்காரத்தனமாக நடந்துகொண்டார்கள் என்பது என் அபிப்பிராயம். எஸ். ராஜாராம் எழுதி 1979இல் நிறுவனம் வெளியிட்ட தீவிரத் தமிழ்ப் பாடநூல் உரையாடலும் திரும்பத் திரும்பச் சொல்லும் பயிற்சியுமாகப் போகும். நம் ஊர்ப் பள்ளிகளில் அந்நியருக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கச் சொன்னால் ஆத்திசூடியில் ஆரம்பித்துப் பகுபத உறுப்பிலக்கணத்தில் கொண்டுபோய் விட்டிருப்பார்கள். இங்கே காதில் ஒலிக்கருவியை மாட்டிக்கொண்டு, டேப்பில் ஓடும் வாக்கியத்தைச் சொல்லிச் சொல்லி வாய் பழக வேண்டும். மாலையில் மாடியிலிருந்து அதே வாக்கியங்கள் கேட்கும்.

பழகிய வாயோடு தெருவுக்கு இறங்கினால் ஊர் முழுக்கக் கன்னடம். தேவராஜ மார்க்கெட்டில் ஒருவர் கத்தரிக்காய் விலையைத் தமிழில் கேட்டால் பதில் கன்னடத்தில் வரும். ஆகவே பேசிப் பார்க்க எங்கள் வீடு. எங்கள் தமிழோ மைசூர்த் தமிழ். 'உப்பு ஜாஸ்தி', 'கொஞ்சம் லேட்டாகி பந்தார்' என்ற ரகம். அதை ஒருவர் அப்படியே வகுப்பில் சொல்லி, ஆசிரியர் "இது எந்த ஜில்லாத் தமிழ்?" என்று கேட்டாராம். அம்மாவுக்கு இரண்டு நாள் கோபம்.

இந்தக் குறையைத் தீர்க்கத்தான் மொழிச் சூழல் சுற்றுலா என்று ஒன்றை வைத்திருந்தார்கள். பாடத்தின் பாதியைக் கடந்தவர்களைத் தமிழ்நாட்டுக்குக் கூட்டிப்போய்க் கோயில், கடைத்தெரு, பள்ளிக்கூடம் என்று உலவ விடுவார்கள். போய் வந்த மாஸ்டர்கள் வேறு ஆளாகத் திரும்புவார்கள். தஞ்சாவூரில் ஒரு தள்ளுவண்டிக்காரர், வடநாட்டுக்காரர் தமிழ் பேசுவதைப் பார்த்துத் தேங்காய் பத்தைக்குக் காசு வாங்கவில்லை என்று ஒருவர் கண் கலங்கச் சொன்னார். இந்திக்காரரைப் பார்த்தாலே தமிழர்கள் அடிப்பார்கள் என்று ஊரில் பயமுறுத்தி அனுப்பியிருந்தார்களாம்.

பிறகு அவர்கள் ஊருக்குப் போனார்கள். இங்கேதான் கதை கெடுகிறது. எங்கள் மாடியில் இருந்தவர்களில் ஒருவர் அப்பாவுக்குத் தமிழில் கார்டு எழுதுவார், எழுத்துப் பிழை குறைவு. அவருக்குப் பள்ளியில் கொடுத்தது பழையபடி பூகோளமும் இந்தியும். தமிழ் வகுப்புக்குப் பிள்ளைகள் இல்லை. பிள்ளைகள் இல்லாததால் பாடவேளை இல்லை. பாடவேளை இல்லாததால் பிள்ளைகள் சேரவில்லை. பெரும்பாலான இந்தி மாநிலங்கள் மூன்றாவது மொழியாக சமஸ்கிருதத்தை வைத்துக் கணக்கை முடித்துக்கொண்டன. தேர்வில் மதிப்பெண் சுலபம், ஆசிரியர் உள்ளூரிலேயே கிடைப்பார், எழுத்தும் அதே நாகரி. வருஷா வருஷம் மைசூர் ஆசிரியர்களைத் தயார் செய்தது. அவர்களுக்கான நாற்காலியை அவர்கள் ஊரில் யாரும் போடவில்லை.

இதை நான் இவ்வளவு காலம் கழித்துக் கிளறக் காரணம் சீனாவின் நான்ஜிங் பல்கலைக்கழகத்தைப் பற்றி வாசித்ததுதான். அங்கே சீன மாணவர்கள் யூதப் பண்பாட்டில் எம்.ஏ., பிஎச்.டி. பட்டம் வாங்குகிறார்கள். தொடங்கியவர் ஷூ ஷின், ஆங்கில இலக்கியப் பேராசிரியர். 1986இல் சிகாகோ போய் ஒரு யூதப் பேராசிரியர் வீட்டில் தங்கினார். 1988இல் இஸ்ரேலைப் பார்த்தார். 1992 ஜனவரியில் சீனாவும் இஸ்ரேலும் தூதரக உறவு வைத்துக்கொண்டன. அந்த வருஷமே நான்ஜிங்கில் யூத ஆய்வு மையம் வந்துவிட்டது. மறுவருஷம், யூதக் கலைக்களஞ்சியத்தைச் சுருக்கிச் சீன மொழியில் வெளியிட்டார். அமெரிக்க யூதப் புரவலர்கள் பணம் கொடுத்தார்கள். நிறுவனம் இப்போது கிளேசர் தம்பதியர் பெயரைத் தாங்கி நிற்கிறது. சீனப் புத்தகக் கடைகளில் யூதர்கள் பணம் சேர்த்த ரகசியம் என்ற ரகப் புத்தகங்கள் மலிவாக விற்றதும் உண்மைதான். ஆர்வம் தப்பான வாசல் வழியாகவும் வரும். அதைச் சரியான அறைக்குக் கூட்டிப்போக அங்கே ஒரு துறை இருந்தது. படித்து முடித்தவருக்கு வேறொரு பல்கலைக்கழகத்தில் வரலாறோ சமயமோ நடத்த இடம் கிடைத்தது. ஷான்தொங், ஹெனான் பல்கலைக்கழகங்களிலும் யூத ஆய்வு மையங்கள் வந்தன.

சீனர்களுக்கு வீட்டுக்குள்ளேயே ஒரு பிடிமானமும் இருந்தது. ஹெனான் மாகாணத்துக் கைஃபெங் நகரில் பல நூற்றாண்டு யூதர்கள் வாழ்ந்தார்கள். 1489ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று அவர்கள் கதையைச் சீன எழுத்தில் சொல்கிறது. நமக்கும் அப்படி ஒன்று உண்டு. கிபி 1000 வாக்கில் சேரமன்னன் பாஸ்கர ரவிவர்மன் ஜோசப் ரப்பான் என்ற யூத வணிகத் தலைவருக்கு 72 உரிமைகளோடு அஞ்சுவண்ணம் என்ற வணிகக் குழுவின் பதவி கொடுத்த செப்பேடு கொச்சி மட்டாஞ்சேரியில் இருக்கிறது. எழுத்து வட்டெழுத்து. தமிழ் கல்வெட்டியல் படித்தவர் தட்டுத் தடுமாறியாவது வாசித்துவிடுவார். அதைப் பதிப்பித்தவர்களில் ஒருவர் 1890களில் சென்னை அரசின் கல்வெட்டாய்வாளராக இருந்த ஜெர்மானியர் ஹூல்ட்ஷ். இந்த விஷயத்திலும் மைசூர் குறுக்கே வருகிறது. தொல்லியல் துறையின் கல்வெட்டுப் பிரிவு 1966இல் ஊட்டியிலிருந்து இங்கே குடிபெயர்ந்தது. தமிழ்க் கல்வெட்டுகளை மை ஒற்றித் தாளில் எடுத்த மைப்படிகள் எங்கள் ஊரில் கிடக்கின்றன என்று தமிழ்நாட்டில் ரகளையாகி, 2021இல் மதுரை உயர்நீதிமன்றக் கிளை அவற்றைச் சென்னைக்குக் கொண்டுபோகச் சொன்னது. மைப்படியைக் கேட்டு வழக்குப் போட ஆள் இருந்தது. அதை வாசிக்க எத்தனை பேரை நாம் தயார் செய்கிறோம் என்று யாராவது வழக்குப் போட்டால் நன்றாக இருக்கும்.

செம்மொழித் தமிழுக்கும் இந்த இடமாற்றம் நடந்தது. 2004இல் தமிழ் செம்மொழி ஆனது; அதற்கான மத்திய அரசுத் திட்டம் முதலில் மைசூர் நிறுவனத்தின் நிழலில்தான் ஓடியது. 2008இல் அது தனி நிறுவனமாகிச் சென்னைக்குப் போனது. போனது நியாயம்தான், நான் குறை சொல்லவில்லை. தமிழ் சம்பந்தப்பட்ட எதுவும் தமிழ்நாட்டுக்குள் வந்துவிட்டால் வேலை முடிந்தது என்ற நினைப்பு மட்டும் எனக்குப் பிடிபடுவதில்லை. வெளியிலும் வேலை நடக்கும்: ஜெருசலேம் ஹீப்ரு பல்கலைக்கழகத்தில் டேவிட் ஷுல்மன் தலைமுறை தலைமுறையாக இஸ்ரேலிய மாணவர்களுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தார். தமிழுக்கு அதனால் கிடைத்தவை தமிழ்க் கோயில் புராணங்களைப் பற்றிய அவர் நூலும், 2016இல் வந்த தமிழின் வரலாறும். ஜெருசலேமில் அவருக்கு ஒரு பணியிடம் இருந்தது என்பதுதான் அதற்கு அடிப்படை.

பட்னாவிலும் லக்னோவிலும் தமிழ் படிக்கவில்லையே என்று மேடையில் முழங்கும் தமிழ்நாட்டுத் தலைவர்களுக்கு ஒரு விண்ணப்பம். தில்லியில் தில்லித் தமிழ்க் கல்விக் கழகம் ஏழு பள்ளிகள் நடத்துகிறது. அது பெரும்பாலும் அங்கே குடியேறிய தமிழ்க் குடும்பங்களுக்காக எழுந்தது. அதற்கு அப்பால் போங்கள். இந்தி பேசும் மாநிலம் ஒன்றில், ஊர் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அங்கே உள்ள அரசுப் பள்ளியில் ஒரு தமிழாசிரியர் பணியிடத்துக்குத் தமிழ்நாடு சம்பளம் கொடுக்கட்டும். பத்து வருஷத்துக்கு, இடையில் நிறுத்தாமல். ஆசிரியரை மைசூர் தயார் செய்யும். அதற்கு அங்கே பாடநூலும் பழக்கமும் இருக்கின்றன.