சமன்பாட்டுக்குள் வாயு நுழைந்த வரலாறு

லேசர் துடிப்பு உலோகத்தை ஆவியாக்கிப் பெயர்ப்பதைக் கணக்கில் வடிக்கும் முயற்சி, லேசர் பிறந்த சில ஆண்டுகளிலேயே தொடங்கிவிட்டது. 1960 மே 16 அன்று அமெரிக்காவின் ஹியூஸ் ஆய்வுக்கூடத்தில் தியோடர் மைமன் முதல் ரூபி லேசரை இயக்கினார். தொடக்க காலத்தில், ஒரு துடிப்பு எத்தனை சவர பிளேடுகளைத் துளைக்கிறது என்பதை வைத்தே அதன் வலிமையை மதிப்பிட்டார்கள். 1962இல் பிரெக், கிராஸ் இருவரும் லேசர் பட்ட இடத்திலிருந்து எழுந்த ஆவியின் நிறமாலையைப் பதிவு செய்தனர். ஆனால் எவ்வளவு உலோகம், எந்த வேகத்தில், எத்தனை வெப்பத்துடன் வெளியேறுகிறது என்ற கேள்விக்கு அளவீடு மட்டும் விடை தரவில்லை.

முதல் கணக்குகள் வெப்பக் கடத்தல் சமன்பாட்டோடு நின்றன. பரப்பு ஒளியை உறிஞ்சுகிறது, சூடு உள்ளே பரவுகிறது, மேற்பரப்பு ஆவியாகிறது. ஆவியான பின் அந்த அணுக்களைப் பற்றிக் கணக்கு எதுவும் சொல்லவில்லை. 1968இல் சோவியத் இயற்பியலாளர் செர்கேய் அனிசிமோவ் இந்த இடைவெளியை நிரப்பினார். பரப்பை ஒட்டிய மிக மெல்லிய நுட்சன் படலத்தில் அணுக்கள் ஒன்றோடொன்று மோதுகின்றன. அவற்றில் ஏறத்தாழ 18 விழுக்காடு உலோகத்துக்கே திரும்பி வருகின்றன. படலத்தைத் தாண்டும் ஆவி ஒலியின் வேகத்தில் பாய்கிறது. அதன் வெப்பநிலை, கெல்வின் அளவில், பரப்பின் வெப்பநிலையில் மூன்றில் இரண்டு பங்கு. நேர்த்தியான கணக்குதான், ஆனால் வெற்றிடத்துக்கு மட்டுமே பொருந்தும்.

தொழிற்கூடத்தில் உலோகம் பெரும்பாலும் காற்றிலோ ஆர்கானிலோதான் இருக்கிறது. 1979இல் நைட் வெளியிட்ட கட்டுரை, சூழ்ந்துள்ள வாயு தரும் எதிர் அழுத்தத்தைக் கணக்கில் சேர்த்தது. இத்துறையின் உண்மையான திருப்பம் இதுவே. ஆவி ஒரு உந்துதண்டைப் போல வாயுவைத் தள்ளி அதிர்ச்சி அலையை எழுப்புகிறது. வாயு திருப்பித் தரும் அழுத்தம், ஆவி வெளியேறும் வேகத்தைப் பூச்சியத்துக்கும் ஒலிவேகத்துக்கும் இடையே நிறுத்துகிறது. வேகம் ஒலிவேகத்தை எட்டிவிட்டால், வெளியே உள்ள வாயுவால் பரப்பின் ஆவியாதலை மேற்கொண்டு தடுக்க இயலாது.

அதிர்ச்சி அலை எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு, 1940களில் டெய்லரும் செடோவும் வெடிப்புகளுக்காக வகுத்த விதி பயன்பட்டது: ஆரம், நேரத்தின் ஐந்தில் இரண்டு அடுக்குக்கு ஏற்ப வளரும். ஆவியைவிட அதிக நிறையுள்ள வாயு தள்ளப்பட்ட பிறகே இது பொருந்தும். முதல் கணங்களுக்கு இதைப் பயன்படுத்துவது தவறு.

1987இல் பெல் கம்யூனிகேஷன்ஸ் ரிசர்ச்சில் டைக்காம்ப், வெங்கடேசன் குழுவினர் லேசரால் மீக்கடத்திப் படலம் படிய வைத்த பின், ஆவி வாயுவில் எப்படிப் பரவுகிறது என்ற கேள்வி அவசரமானது. 1995இல் மியோடெல்லோவும் கெல்லியும், உருகிய உலோகம் மாறுநிலை வெப்பநிலையை நெருங்கும்போது உள்ளேயே குமிழ்கள் வெடித்துத் துளிகளாகச் சிதறும் என வாதிட்டனர். அதனால் ஆவியாதலை மட்டும் வைத்து மாதிரி அமைத்தவர்கள், பெயரும் உலோகத்தின் அளவைக் குறைவாகவே மதிப்பிட நேர்ந்தது.

2003 முதல் ஆன்ட்வெர்ப் பல்கலைக்கழகத்தின் போகார்ட்ஸ் குழு, செம்பு உருகுவது, ஆவியாவது, ஒரு வளிமண்டல அழுத்தமுள்ள வாயுவில் விரிவது, பிளாஸ்மாவாகி லேசரைத் தடுப்பது ஆகியவற்றை ஒரே கணக்கில் இணைத்தது. எந்த வாயு சூழ்ந்திருக்கிறது என்பது முடிவையே மாற்றும். ஹீலியம் அணுவை அயனியாக்க 24.6 எலக்ட்ரான் வோல்ட் வேண்டும், ஆர்கானுக்கு 15.8 போதும். ஆகவே ஆர்கானில் பிளாஸ்மா எளிதில் தடித்து உலோகத்தை மறைக்கிறது.

அழுத்தமும் அப்படியே. செவ்வாயின் மெல்லிய கார்பன் டையாக்சைடில், பூமியின் காற்றில் விரிவதைவிட ஆவி அகலமாக விரிகிறது. 2012இல் அங்கு இறங்கிய கியூரியாசிட்டி ஊர்தியின் லேசர் கருவி அந்த ஆவியின் நிறமாலையைப் படித்தே பாறைகளை ஆராய்கிறது. 2023 ஆகஸ்டில் சந்திரயான்-3இன் பிரக்யான் ஊர்தி, இதே முறையில், காற்றில்லாத நிலவுப் பரப்பில் கந்தகம் இருப்பதைக் கண்டறிந்தது.