மேங்க்ஸ் பூனையின் வாலும் முதுகெலும்பும்

1887-இல் ஜெர்மனியின் வீஸ்பாடன் நகரில் நடந்த இயற்கை அறிவியலாளர் மாநாட்டில் வாலில்லாத பூனைக்குட்டிகள் சில காட்சிக்கு வைக்கப்பட்டன. தாய்ப்பூனை விபத்தில் வாலை இழந்ததாம். அந்த இழப்பே குட்டிகளுக்கும் இறங்கிவிட்டதாம். உடலில் பட்ட காயம் சந்ததிக்குப் போகுமா என்பது அன்றைய உயிரியலில் சூடு பறந்த வழக்கு. ஜெர்மன் உயிரியலாளர் ஆகஸ்ட் வைஸ்மான் இதை நம்பவில்லை. ஐந்து தலைமுறை எலிகளின் வாலை நறுக்கி, அவற்றுக்குப் பிறந்த 901 குட்டிகளைச் சோதித்தார். ஒன்றுகூடக் கூழைவாலோடு பிறக்கவில்லை. இதற்கிடையே கருங்காட்டுப் பகுதியின் வால்ட்கிர்ஹ் என்ற ஊரிலிருந்தும் ஒரு வாலில்லாக் குட்டி அவரிடம் வந்து சேர்ந்தது. விசாரித்துக்கொண்டே போனதில், அந்த ஊரில் ஓர் ஆங்கிலப் பெண்மணி வளர்த்த கடுவன்பூனை அகப்பட்டது. அது பிறவியிலேயே வாலில்லாத மேன் தீவுப் பூனை.

அயர்லாந்துக்கும் பிரிட்டனுக்கும் இடைப்பட்ட கடலில், சுமார் 572 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள சிறு தீவு அது. அங்கே மேங்க்ஸ் எனப்படும் இந்தப் பூனைக்குக் கதைப் பஞ்சமே இல்லை. நோவாவின் பேழைக்குத் தாமதமாக வந்த பூனையின் வால் கதவிடுக்கில் சிக்கித் துண்டானது என்பார்கள். படையெடுத்து வந்தவர்கள் தலைக்கவசத்தில் செருகப் பூனைவாலைத் தேடியபோது, குட்டிகளின் உயிரைக் காக்கத் தாய்ப்பூனைகளே வாலைக் கடித்து எறிந்தன என்றும் சொல்வார்கள். 1588-இல் ஸ்பானிய ஆர்மடாக் கப்பலொன்று தீவின் தென்முனையில் ஸ்பானிஷ் ஹெட் அருகே உடைந்து, அதிலிருந்த கூழைப் பூனைகள் நீந்திக் கரையேறின என்ற கதைக்குச் சுற்றுலாப் பயணிகளிடம் நல்ல மவுசு. அந்தக் கடற்படையின் கப்பல் எதுவும் அங்கே உடைந்ததற்குச் சான்று கிடையாது.

எல்லாவற்றையும்விடத் துணிச்சலானது முயல் கதை. 1845-இல் மேன் தீவின் வரலாற்றை எழுதி வெளியிட்ட ஜோசப் டிரெய்ன், தாம் வளர்த்த வாலில்லாப் பூனையின் உடலமைப்பையும் பழக்கத்தையும் பார்த்துவிட்டு, இது பெண்பூனைக்கும் ஆண்முயலுக்கும் பிறந்த கலப்பு என்றே முடிவு கட்டினார். உயிரியல்படி நடக்காத காரியம். ஆனாலும் அவர் கண்ட உடல் பொய்யல்ல. முன்னங்கால்களைவிடப் பின்னங்கால்கள் நீளம். அதனால் பின்புறம் தூக்கலாக, உருண்டு நிற்கும். சில பூனைகள் இரு பின்னங்கால்களையும் சேர்த்துத் தத்தித் தத்திப் போகும். இந்தத் தத்தலைப் பற்றிச் சொல்ல வேண்டியது இன்னும் இருக்கிறது.

கதவு நசுக்கியது, தாய் கடித்தது, விபத்தில் போனது: இவை மூன்றும் வாலை உடலோடு ஒட்டவைத்த தனிப்பொருளாகவே பார்க்கின்றன. அறுத்தால் போகும், மற்ற உடம்புக்கு ஒன்றும் ஆகாது என்ற எண்ணம் அது. வெட்டுக்காயம் மரபில் இறங்காது என்பதை வைஸ்மான் காட்டிவிட்டார். வால் தனிப்பொருள் என்ற எண்ணம் மட்டும் சாகவில்லை. இன்றைய பூனைக் கண்காட்சிகளின் தரவிதிகளில் அது குடியிருக்கிறது.

வால் என்பது முதுகெலும்பின் கடைசிப் பகுதி. சாதாரணப் பூனைக்கு வாலில் மட்டும் ஏறத்தாழ 20 முள்ளெலும்புகள் உண்டு. கருவில் இந்த முதுகெலும்பு உருவாகும்போது அதை நெறிப்படுத்தும் மரபணுக்களில் ஒன்று பிராக்கியூரி. 1927-இல் பாரிசில் நதேழ்தா தோப்ரவோல்ஸ்கயா-ஸவத்ஸ்கயா கூழைவால் எலிகளை ஆராய்ந்தபோது இதன் தடயம் முதலில் கிடைத்தது. மேங்க்ஸ் பூனையின் இரகசியமும் இதே மரபணுவில் இருப்பது 2013-இல் தெரியவந்தது. மேன் தீவிலும் அமெரிக்காவிலும் உள்ள பல வம்சங்களைச் சோதித்ததில் ஒன்றல்ல, நான்கு வெவ்வேறு பிறழ்வுகள் கிடைத்தன. வம்சத்துக்கு வம்சம் அவை பெரும்பாலும் வேறுபட்டன. ஒரே கப்பல், ஒரே மூதாதை என்ற கதை இதனால் தள்ளாடுகிறது.

வால் குட்டையான மேங்க்ஸ் பூனைகளில் 95 விழுக்காட்டிடம் இந்த மரபணுவின் பிறழ்ந்த படி ஒன்றும் இயல்பான படி ஒன்றும் இருந்தன. இரண்டுமே பிறழ்ந்தால் கரு வயிற்றிலேயே சிதைந்துவிடும். வாலில்லாத இரண்டைச் சேர்த்தால் நான்கில் ஒரு பங்கு கருக்கள் இப்படிப் போகும் என்பது எளிய மெண்டல் கணக்கு. ஈற்றில் குட்டிகள் குறையும் அனுபவமும் அதற்கு ஒத்தே இருக்கிறது.

மலேசியா, சிங்கப்பூர்த் தமிழர்கள் இந்த இடத்தில் குறுக்கிடக்கூடும்: அவர்கள் தெருப்பூனைகளுக்கும் வால் குட்டைதான், முறுக்கும் முடிச்சும் வேறு. அவற்றைச் சார்லஸ் டார்வினே குறிப்பிட்டிருக்கிறார். ஆனால் அது வேறு சங்கதி. ஆசியக் கூழைப் பூனைகளிடம் 2016-இல் கண்டறியப்பட்டது ஹெஸ்7 என்ற மரபணுவின் மாற்றம். தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தாலும் அது கருவைக் கொல்வதில்லை. ஆகவே கூழைவால் என்றாலே நோய் என்று பொதுமைப்படுத்துவது தவறு. எந்த மரபணு, அது முதுகெலும்பை என்ன செய்கிறது என்பதே கேள்வி.

மேங்க்ஸில் அது செய்வதை ஆட்டுக்கல் போல் உருண்ட அந்தப் பின்புறத்தை வைத்து ஊகிக்க முடியாது. பிறழ்வின் வேலை வாலோடு நிற்கும் என்று உறுதி இல்லை; மேலே இடுப்பெலும்பு வரை ஏறலாம். அங்கே முதுகெலும்பு மூடாமல் பிளந்து கிடந்தால், மூத்திரப்பைக்கும் மலக்குடலுக்கும் போகும் நரம்புகள் கெடுகின்றன. குட்டிக்குச் சிறுநீர் அடங்காது. பின்பக்க மயிர் எப்போதும் நனைந்து தோல் புண்ணாகும். குடல் மலத்தால் அடைத்து வீங்கும். சில குட்டிகளுக்கு வளர்ப்பவர் வயிற்றை விரலால் அழுத்திச் சிறுநீரை வெளியேற்ற வேண்டும், அதுவும் அன்றாடம். கால்நடை மருத்துவர்கள் இதை மேங்க்ஸ் நோய்க்குறித்தொகுதி என்கிறார்கள். பெரும்பாலும் நான்கு மாதத்துக்குள் வெளிப்பட்டுவிடும். முதல் அறிகுறிகளில் ஒன்று, இரு பின்னங்கால்களும் சேர்ந்து நகரும் தத்தல். கதை கேட்பவர்கள் முயலின் நடையென்று ரசிப்பதில் ஒரு பகுதி, நரம்பு கெட்டதன் அடையாளம்.

வளர்ப்பாளர்கள் இப்பூனைகளை வாலின் அளவைக் கொண்டு ரம்பி, ரம்பி ரைசர், ஸ்டம்பி, லாங்கி என்று பிரிக்கிறார்கள். வாலே இல்லாத ரம்பியிடம் முதுகு முடியுமிடத்தில் ஒரு குழிதான் இருக்கும். லாங்கியின் வால் சாதாரணப் பூனையினுடையதுக்கு நெருங்கிவரும். வால் குறையக் குறைய நோய்க்கான ஆபத்து கூடுகிறது. ரம்பியிடமே அது அதிகம். அமெரிக்காவின் பூனை வளர்ப்போர் சங்கமான சிஎஃப்ஏவின் தரவிதியோ ரம்பியையும் ரைசரையும் மட்டுமே சாம்பியன் பட்டத்துக்கு ஏற்கிறது. நடுவர் உள்ளங்கையால் முதுகைத் தடவிக்கொண்டே வருவார். முடிவில் உள்ள எலும்பு கையைத் தடுத்து நிறுத்தினால் குற்றம். எந்த உடலுக்கு ஆபத்து அதிகமோ அதற்கே கோப்பை.

வளர்ப்பாளர்கள் இதற்குச் சொல்லும் பதில் ஒன்று உண்டு: ரம்பியை ரம்பியோடு சேர்ப்பதில்லை, வாலுள்ளதோடு சேர்க்கிறோம். நல்ல பழக்கம்; கருச்சிதைவு குறையும். ஆனால் பிறந்த பிறகு முடங்கும் குட்டிகளும் ஒரே ஒரு பிறழ்ந்த படியைச் சுமப்பவைதான், நலமாக ஓடும் ரம்பிகளைப் போலவே. ஒரே ஈற்றில் ஒரு குட்டி மரமேறி எலி பிடிக்கும். இன்னொன்று மணல்தட்டுக்கே போக முடியாமல் கிடக்கும். பெற்றோரைப் பார்த்து இதைக் கணிக்க வழி இல்லை. ஆகவே இந்தச் சேர்க்கை விதி பிறக்காத கருக்களைக் காக்கிறது, பிறந்த குட்டிகளை அல்ல.

மனிதர் உண்டாக்கிய ஊனமல்ல, இயற்கையாக வந்தது என்பது அடுத்த வாதம். பிறழ்வு இயற்கையாக வந்தது மெய்தான். வாலில்லாக் குரங்குகளும் மனிதரும் இதே மரபணுவில் ஏற்பட்ட மாற்றத்தால் வாலை இழந்திருக்கலாம் என்று 2024-இல் வந்த ஆய்வு சொல்கிறது. அந்த மாற்றத்தின் விளைவை எலிகளில் உண்டாக்கிப் பார்த்தபோது வால் குறைந்தது. சிலவற்றுக்குத் தண்டுவடப் பிளவும் வந்தது. பரிணாமமும் வாலை இலவசமாக எடுக்கவில்லை போலும். தீவின் பண்ணைகளில் திரிந்த பூனைகளில் நோயாளிக் குட்டிகள் தாமாகவே மடிந்திருக்கும். கண்காட்சிக்கென்று ரம்பியைத் தேர்ந்தெடுத்துப் பெருக்கியது மனிதக் கை.

ஐரோப்பாவில் இதை உணர்ந்தவர்கள் உண்டு. ஜெர்மனியின் விலங்குப் பாதுகாப்புச் சட்டம் துன்பம் தரும் இனவிருத்தியைத் தடுக்கிறது; அதை விளக்கி 1999-இல் தயாரிக்கப்பட்ட நிபுணர் அறிக்கை மேங்க்ஸ் வகைக்கு இனவிருத்தித் தடையையே பரிந்துரைத்தது. மேன் தீவில் அப்படிப் பேசுவது எளிதல்ல. 1970-இல் அங்கே வெளியான கிரவுன் நாணயத்தில் இந்தப் பூனை இருக்கிறது. கடையில் தொங்கும் துணிப்பையிலும் இருக்கிறது.

முழுத் தடை வராத வரையில் செய்யக்கூடியவை சில உண்டு. நான்கு மாதம் ஆகுமுன் குட்டியை விற்கக் கூடாது. இனவிருத்திக்கு விடுமுன் முதுகெலும்பை எக்ஸ்ரே எடுக்க வேண்டும். முக்கியமாக, ஸ்டம்பிக்கும் லாங்கிக்கும் சாம்பியன் பட்டம் திறக்கப்பட வேண்டும். அவையும் அதே தீவின் பூனைகள்தாம். அதே உருண்டை முகம், அதே நீண்ட பின்னங்கால். அவற்றிடமும் பிறழ்வு இருக்கலாம், நோய் அறவே ஒழியாது என்பது சரியான ஆட்சேபம். ஆனால் நடுவரின் கை முதுகெலும்பின் முடிவில் குழியைத் தேடுவதை விட்டுவிட்டால், ரம்பிகளை மட்டும் பெருக்குவதற்கு வளர்ப்பாளருக்கு இருக்கும் ஆதாயம் போய்விடும்.